தங்கியதற்குத்தான் கணக்கு

நாற்காலியில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் கழுத்துக்கு நேராக, ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில், தடித்த ஈயக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. டெக்னீஷியன் ஸ்கேலை வைத்துப் பார்க்கிறார். தூரம் 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். "ஆடாம இருங்கம்மா, ரெண்டே நிமிஷம்" என்கிறார். குழாய்க்குள் சோடியம் அயோடைடு படிகம் இருக்கிறது. நேற்றுக் காலை அந்தப் பெண் விழுங்கிய கேப்ஸ்யூலில் இருந்ததும் அயோடின்தான், கதிரியக்கம் உள்ள அயோடின்-131. கழுத்துக்குள் இருக்கும் அயோடின் ஒரு காமாக் கதிரை அனுப்ப, படிகத்தில் இருக்கும் அயோடின் அதைப் பிடித்துக்கொள்ள, படிகம் ஒரு கணம் மின்னுகிறது. ஒவ்வொரு மின்னலுக்கும் திரையில் எண் ஒன்று கூடுகிறது.

இரண்டு நிமிடம் முடிந்ததும் குழாயைத் தாழ்த்தி அவர் தொடைக்கு நேராக வைக்கிறார்கள். தைராய்டைப் பார்க்க வந்தவருக்குத் தொடையில் என்ன வேலை? கழுத்தில் தைராய்டு மட்டுமா இருக்கிறது? ரத்தமும் தசையும் இருக்கின்றன, அவற்றிலும் கொஞ்சம் அயோடின் சுற்றுகிறது. தைராய்டு இல்லாத கழுத்து எவ்வளவு காட்டும் என்பதைத் தொடை சொல்லிவிடும். அதைக் கழித்துவிட வேண்டும். அப்புறம் பிளாஸ்டிக் கழுத்து ஒன்றை எடுத்து வைக்கிறார்கள். கழுத்துப் பருமனுள்ள அக்ரிலிக் உருளை அது. அதிலுள்ள துளைக்குள், நேற்று அவர் விழுங்கியதன் ஜோடி கேப்ஸ்யூல் விழுங்கப்படாமல் இருக்கிறது. ஒரே நாளில் பிறந்த இரண்டும் ஒரே வேகத்தில் தேய்வதால், ஒரு நாள் கழிந்ததற்கென்று தனியாகத் திருத்தம் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் கழுத்து நிமிடத்துக்கு 40,000, அவர் கழுத்து 25,400, தொடை 1,400 என்று வைத்துக்கொள்வோம். 24,000-ஐ 40,000-ஆல் வகுத்தால் 60 சதவீதம். நல்ல நிலையிலுள்ள தைராய்டு ஒரு நாளில் 10 முதல் 30 சதவீதம்தான் பிடித்து வைக்கும். இவருடையது அடங்காத பசியோடு இருக்கிறது.

அடுத்த வாரம் இவருக்குச் சிகிச்சைக்கான அயோடின் கொடுப்பார்கள். ஈயக் கூட்டுக்குள் வரும் குப்பியின் சீட்டில் 15 மில்லிகியூரி என்று இருக்கும். நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் மில்லிகியூரிதான் வாய்ப்பேச்சில் வரும். புத்தகக் கணக்கில் அது 555 மெகாபெக்கரல், அதாவது நொடிக்கு 55.5 கோடி அணுக்கள் சிதைகின்றன. இந்த எண்ணைத்தான் பலரும் கதிர்வீச்சின் அளவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நோயாளியின் கோப்பில் ஏறுவதும் பெரும்பாலும் இது ஒன்றுதான். ஆனால் இது கொடுத்ததன் அளவு. எந்த உறுப்பு எவ்வளவு வாங்கிக்கொண்டது, எத்தனை நாள் வைத்திருந்தது, அந்த உறுப்பின் எடை என்ன என்பதெல்லாம் சீட்டில் இல்லை. எக்ஸ்ரே என்றால் சுவிட்சை அணைத்ததும் கதிர் நின்றுவிடும். அணு மருத்துவத்தில் கதிர் வீசுகிற பொருளே நோயாளியோடு வீட்டுக்குப் போகிறது, தூங்குகிறது, விழிக்கிறது, சிறுநீரில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. ஊற்றியதற்கு அல்ல, தங்கியதற்குத்தான் உடம்பு பதில் சொல்கிறது.

ஒரு தாளும் பென்சிலும் போதும், அந்தக் கணக்கை நாமே போடலாம்.

ஒரு தொட்டியில் இரண்டு ஓட்டைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இயற்கை போட்டது. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். அடுப்பில் வைத்தாலும் பனியில் புதைத்தாலும் அது மாறாது. இன்னொன்று உடம்பு போட்டது. சுரப்பி அயோடினை ஹார்மோனாக்கி ரத்தத்தில் விடுகிறது, சிறுநீரகம் கழிவை வெளியேற்றுகிறது. அமைதியான தைராய்டு பிடித்த அயோடினில் பாதியை விட 80 நாள் ஆகும் என்றால், இரண்டு ஓட்டைகளும் சேர்ந்து சுமார் 7.3 நாளில் தொட்டியைப் பாதியாக்கும். இந்தப் பெண்ணின் சுரப்பி அவசரக்காரச் சுரப்பி. 13 நாளிலேயே பாதியை வெளியே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் 5 நாள். இதற்குப் பயனுறு அரை ஆயுள் என்று பெயர். இந்த அரை ஆயுளை 1.44-ஆல் பெருக்கினால், சரக்கு முழுவதும் குறையாமல் அத்தனை நாள் இருந்ததற்குச் சமம். இவருக்கு 7.2 நாள், நொடிகளில் சுமார் 6.2 லட்சம்.

555-இல் 60 சதவீதம் 333 மெகாபெக்கரல். நொடிக்கு 33.3 கோடி சிதைவு, அதுவும் 6.2 லட்சம் நொடிக்கு. மொத்தம் 207 லட்சம் கோடி சிதைவுகள். ஒவ்வொரு சிதைவிலும் ஒரு பீட்டா துகள் கிளம்பி, சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பாதிகூடப் போகாமல் தன் ஆற்றல் முழுவதையும் அங்கேயே கொட்டிவிட்டு நிற்கிறது. அத்தனையையும் கூட்டினால் கிடைப்பது 6.3 ஜூல்.

முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ பூஜ்யத்தை விட்டுவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. 6.3 ஜூல் ஒரு தேக்கரண்டித் தண்ணீரை மூன்றில் ஒரு டிகிரிகூடச் சூடாக்காது. ஆனால் கதிர்வீச்சு கொல்வது சூட்டால் அல்ல. எலெக்ட்ரான்களைப் பிய்த்து எறிகிறது, டிஎன்ஏ இழைகளை அறுக்கிறது. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் வாங்கினால் உயிருக்கே ஆபத்தான 4 கிரே, உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உயர்த்தும். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் தங்கினால் அது ஒரு கிரே. லூயி ஹெரால்டு கிரே என்ற ஆங்கிலேய இயற்பியலரின் பெயர் அந்த அலகுக்கு.

இந்தப் பெண்ணின் கழலை 60 கிராம் என்று கொள்வோம். 6.3-ஐ 0.06 கிலோவால் வகுத்தால் 105 கிரே. அவருக்குப் பக்கத்தில் இன்னொரு பெண் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் அதே 15 மில்லிகியூரி, அதே 60 சதவீதம். ஆனால் சுரப்பி 20 கிராம், பயனுறு அரை ஆயுள் 7 நாள். கணக்கைத் திரும்பப் போட்டால் வருவது ஏறக்குறைய 440 கிரே. சீட்டில் ஒரே எண் எழுதிய இரண்டு குப்பிகள், உள்ளே போனதும் நான்கு மடங்கு வித்தியாசம்.

தொட்டியின் இரண்டு ஓட்டைகளும் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 20-ஆம் நூற்றாண்டு கண்டது. தோரோட்ராஸ்ட் என்றொரு திரவம். ரத்தக் குழாய்கள் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிவதற்காக 1930-களிலிருந்து பல நாடுகளில் ஊசி வழியே ஏற்றினார்கள். படம் அருமையாக வந்தது, ஊசி போட்ட அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதிலிருந்தது தோரியம். அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. கல்லீரலும் மண்ணீரலும் அந்தத் துகள்களைப் பிடித்து வைத்துக்கொண்டன, வெளியேற்ற வழி தெரியவில்லை. வாழ்நாள் முழுவதும் ஆல்ஃபா துகள்கள் அதே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தன. இருபது, முப்பது ஆண்டு கழித்துக் கல்லீரல் புற்றுநோயாக அது வெளியே தெரிந்தது. கொடுத்த நாளில் அளந்த அளவு சின்னதுதான். தங்கிய காலத்தை யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

அயோடினின் கதை நல்லவிதமாகத் தொடங்கியது. 1936 நவம்பரில், பாஸ்டனில், எம்ஐடியின் தலைவர் கார்ல் காம்ப்டன் மருத்துவர்களுக்கு ஓர் உரை நிகழ்த்தினார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தைராய்டு மருத்துவர் சால் ஹெர்ட்ஸ் எழுந்து, அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக்க முடியுமா என்று கேட்டார். அப்போது கைவசம் இருந்த அயோடின்-128-க்கு ஆயுள் மிகக் குறைவு, 25 நிமிடத்தில் பாதி போய்விடும். முயலில் சோதிக்கலாம், மனிதருக்குச் சிகிச்சை செய்ய முடியாது. மேற்குக் கரையில் பெர்க்லியில் ஜோசப் ஹாமில்டன் என்ற ஆய்வாளர் தன் குறையை இளம் வேதியியலர் கிளென் சீபோர்கிடம் சொன்னார். எவ்வளவு அரை ஆயுள் இருந்தால் தேவலை என்று சீபோர்க் கேட்க, ஒரு வாரம் இருந்தால் நல்லது என்றாராம் ஹாமில்டன். 1938-இல் சீபோர்கும் ஜான் லிவிங்குட்டும் கண்டுபிடித்துக் கொடுத்த அயோடின்-131-க்கு எட்டு நாள். கேட்ட மாதிரியே கிடைத்தது. ஹெர்ட்ஸ் 1941 மார்ச் 31 அன்று முதல் நோயாளிக்குச் சைக்ளோட்ரானில் செய்த அயோடினைக் கொடுத்தார். அதில் பெரும்பகுதி 12 மணி நேர அரை ஆயுள் உள்ள அயோடின்-130.

மருந்து வந்துவிட்டது, அளவை எப்படிச் சொல்வது? நாம் மேலே போட்ட கணக்கின் மூலத்தை 1940-களில் வகுத்தவர் லியோனிடாஸ் மரினெல்லி. 1948-இல் அவரும் எடித் குவிம்பியும் ஜெரால்டு ஹைனும் சேர்ந்து அதை மருத்துவர்கள் கையில் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். குவிம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. மருத்துவ இயற்பியல் என்றொரு தொழிலே உருவாகாத காலத்தில் அதில் நுழைந்து, ரேடியத்தையும் ஐசோடோப்புகளையும் எடை போட்டு அளந்து கொடுக்கிற பொருளாக மாற்றியவர்களில் முன்வரிசையில் நின்ற பெண் அவர்.

பீட்டா துகள் வீட்டை விட்டு வெளியே போகாத பிள்ளை, அதன் கணக்கு சுலபம். காமாக் கதிர்தான் தலைவலி. தைராய்டில் கிளம்பிய காமா எலும்பைத் தாண்டலாம், நுரையீரலில் முட்டலாம், ஒன்றையும் தொடாமல் உடம்பை விட்டே வெளியேறலாம். கல்லீரலில் தங்கிய பொருள் சிறுநீரகத்துக்கு எவ்வளவு கதிர் கொடுக்கும்? அதற்கு உறுப்புகளின் உருவமும் இடைவெளியும் தெரிய வேண்டும். 1960-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வால்டர் ஸ்னைடரும் அவருடைய குழுவினரும் சமன்பாடுகளால் ஒரு மனிதனைக் கட்டினார்கள். உடல் ஒரு நீள்வட்ட உருளை, கால்கள் கூம்புகள், சிறுநீரகங்கள் வெட்டிய முட்டைகள். அந்த மனிதனுக்குள் கணினி ஒரு காமாக் கதிரைப் பிறக்க வைக்கும். எந்தத் திசை, எவ்வளவு தூரம் போய் முட்டும், முட்டினால் சிதறுமா, நிற்குமா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தாயக்கட்டையை உருட்டுவதுபோல் ஓர் எண்ணை எடுத்து முடிவு செய்யும். இப்படி லட்சக்கணக்கான கதிர்களை அனுப்பி, எந்த உறுப்பில் எவ்வளவு தங்கியது என்று கூட்டிப் பார்ப்பார்கள். இந்த முறைக்குச் சூதாட்ட நகரமான மான்டி கார்லோவின் பெயர் வந்தது காரணத்தோடுதான்.

1968-இல் ராபர்ட் லோவிங்கரும் மோன்ஸ் பெர்மனும் வெளியிட்ட சிறு கையேடு எல்லாவற்றையும் இரண்டு எண்களாகச் சுருக்கியது. ஓர் உறுப்பில் மொத்தம் நடந்த சிதைவுகள் ஒன்று. அங்கே நடக்கும் ஒரு சிதைவு இன்னோர் உறுப்புக்குக் கொடுக்கும் கிரே மற்றொன்று. இரண்டையும் பெருக்கு, எல்லா உறுப்புகளிலிருந்தும் வருவதைக் கூட்டு. மிர்டு முறை என்று உலகமெங்கும் இதைச் சொல்கிறார்கள். முதல் எண் நோயாளியிடமிருந்து வர வேண்டும். இரண்டாவது எண் அட்டவணையிலிருந்து வரும். அந்த அட்டவணைக்குள் ஸ்னைடரின் மனிதன் உட்கார்ந்திருக்கிறான்.

அவன் யார் என்று ஒரு முறையாவது நாம் கேட்க வேண்டும். பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 1975-இல் அவனை எழுத்தில் வரையறுத்தது. வயது 20-க்கும் 30-க்கும் நடுவில். எடை 70 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். வெள்ளையினத்தவன், மேற்கு ஐரோப்பிய அல்லது வட அமெரிக்கப் பழக்கவழக்கம் உள்ளவன். சராசரி வெப்பநிலை 10 முதல் 20 டிகிரி வரை இருக்கும் ஊரில் வாழ்கிறவன். சித்திரை மாதத்து மதுரையையோ யாழ்ப்பாணத்தையோ அவன் பார்த்ததில்லை. வியர்வை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு குடிப்பான், சிறுநீர் எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஊரின் குளிரை வைத்து எழுதப்பட்டவை. நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள நம் பாட்டி ஒருவருக்கு எலும்பு ஸ்கேன் எடுத்து, அட்டவணையைப் பார்த்து ஓர் எண்ணைச் சொன்னால், அது அவருக்குள் நடந்தது அல்ல. அவரிடத்தில் அந்தக் குளிர்நாட்டு இளைஞன் படுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது.

இதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஒரு பொது அளவுகோல் இல்லாமல் எந்த நாட்டு ஆய்வையும் எந்த நாட்டு ஆய்வோடும் ஒப்பிட முடியாது. அவனைத் திருத்தவும் பலர் உழைத்தார்கள். 1987-இல் மார்க் கிறிஸ்டியும் கீத் எக்கர்மேனும் பிறந்த குழந்தை, ஒரு வயது, ஐந்து, பத்து, பதினைந்து என்று ஒரு குடும்பத்தையே சமன்பாடுகளால் உருவாக்கினார்கள். 2009-இல் வந்த புதிய உருவங்கள் உண்மையான மனிதர்களின் ஸ்கேன் படங்களிலிருந்து, சின்னச் சின்னக் கட்டங்களை அடுக்கிச் செய்யப்பட்டவை. ஆணுக்கு 73 கிலோ, பெண்ணுக்கு 60 கிலோ. முட்டை வடிவச் சிறுநீரகம் போய், மனிதச் சிறுநீரகம் வந்தது. ஆனாலும் அது வேறு யாருடையதோதான்.

ஸ்கேன் முடிந்து வெளியே வருகிறவர்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "எனக்கு எவ்வளவு கதிர் ஏறிச்சு?" பெட் ஸ்கேனுக்கு எஃப்டிஜி என்ற கதிரியக்கச் சர்க்கரையை 10 மில்லிகியூரி ஏற்றினால், சுமார் 7 மில்லிசீவெர்ட் என்று பதில் வரும். உடன் எடுக்கும் சிடி ஸ்கேனுக்குத் தனிக் கணக்கு. மண்ணும் காற்றும் உணவும் விண்ணும் சேர்ந்து உலகில் சராசரியாக ஒருவருக்கு ஓர் ஆண்டில் தருவது 2.4 மில்லிசீவெர்ட். அந்த அளவில் பார்த்தால் மூன்று ஆண்டுக் கணக்கு. பயப்படுகிறவரைத் தேற்ற இந்த ஒப்பீடு உதவும், உதவட்டும். ஆனால் மில்லிசீவெர்ட் என்பது ஒவ்வோர் உறுப்பின் அளவையும் அதன் புற்றுநோய் வாய்ப்புக்கேற்ற எடையால் பெருக்கி, ஆண், பெண், எல்லா வயதினரையும் கலந்து சராசரியாக்கிய எண். ஒரு பரிசோதனையை இன்னொன்றோடு ஒப்பிடவும், விதிகளை வகுக்கவும் உண்டானது. உங்களுக்கு என்ன ஆகும் என்று சொல்ல உண்டானது அல்ல.

அந்த 7-க்குள் என்ன மறைந்திருக்கிறது என்று பாருங்கள். எஃப்டிஜியின் ஒரு பகுதி சிறுநீரில் இறங்குகிறது, சிறுநீர்ப்பை அதைச் சேர்த்து வைக்கிறது. சிறுநீர்ப்பைச் சுவர் வாங்குவது 50 மில்லிகிரேக்கு அருகில், மற்றப் பல உறுப்புகளைவிடப் பல மடங்கு அதிகம். இந்த எண்ணைக் குறைக்கக் கருவி வேண்டாம், மருந்தும் வேண்டாம். நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி போய்வந்தால் போதும். நர்ஸ் கையில் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் உபசாரத்துக்காக அல்ல, அதுவும் கணக்கின் ஒரு பகுதி. குழந்தைகளின் விஷயம் இன்னும் கவனமானது. அதே ஒரு மெகாபெக்கரல் ஒரு வயதுக் குழந்தைக்குள் போனால், பெரியவரைப்போல் ஐந்து மடங்கு அளவைத் தருகிறது. உறுப்புகள் சிறியவை, நெருக்கமானவை, அதே ஆற்றல் குறைந்த எடையில் தங்குகிறது. அதனால்தான் குழந்தையின் எடையைப் பார்த்து மருந்தைக் குறைக்கிறார்கள்.

பரிசோதனைக்குச் சராசரி மனிதன் போதும் என்றே வைத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்கு வந்தால் அவன் போதாது. இதை அழுத்திச் சொல்ல ஓர் ஆய்வு இருக்கிறது. நியூரோஎண்டோக்ரைன் கட்டிகளுக்கு இட்ரியம்-90 இணைத்த பெப்டைடு மருந்தைக் கொடுக்கத் தொடங்கியபோது, சிலருக்குச் சில காலம் கழித்துச் சிறுநீரகம் பழுதடைந்தது. மருந்து கட்டியில் ஒட்டுவதோடு சிறுநீரகத்திலும் தங்கியதுதான் காரணம். யாருக்குப் பழுதாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? 18 நோயாளிகளின் கணக்கைப் பெல்ஜிய ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்டார்கள். அட்டவணையிலுள்ள சிறுநீரக எடையை வைத்துப் போட்ட கிரேக்கும், நோயாளிக்கு நேர்ந்த பழுதுக்கும் பொருத்தமே இல்லை. பிறகு ஒவ்வொருவரின் சிடி ஸ்கேனிலிருந்து அவரவர் சிறுநீரகத்தின் கன அளவை அளந்து, கதிர் எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதையும் சேர்த்துத் திரும்பக் கணக்கிட்டார்கள். அப்போது உறவு தெளிவாகத் தெரிந்தது. அதே மருந்து, அதே நோயாளிகள். இரவல் எடையை எடுத்துவிட்டுச் சொந்த எடையை வைத்து, வேகத்தையும் சேர்த்ததும் எண் பேசத் தொடங்கிவிட்டது.

இப்போது அந்த இடத்தில் பெரும்பாலும் லுட்டீசியம்-177 இருக்கிறது. இட்ரியம்-90 காமாக் கதிரை அனுப்புவதில்லை என்று சொல்லிவிடலாம், அதனால் அதை நேரடியாகப் படமெடுப்பது கடினம். லுட்டீசியம் பீட்டாவோடு காமாவையும் அனுப்புகிறது. மருந்தே தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடும். ஆனாலும் உலகமெங்கும் வழக்கம் எல்லோருக்கும் 200 மில்லிகியூரி, நான்கு சுற்று என்பதாகவே இருக்கிறது. சுவீடனின் உப்சாலாவில் வேறு மாதிரி செய்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் படமெடுத்து, சிறுநீரகம் 23 கிரேயை எட்டும்வரை சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். 200 நோயாளிகளின் அனுபவத்தை 2018-இல் எழுதினார்கள். சிலர் மூன்று சுற்றிலேயே அந்த எல்லையைத் தொட்டார்கள், சிலருக்கு ஒன்பது சுற்று வரை இடமிருந்தது. எல்லோருக்கும் நான்கு என்று நிறுத்தியிருந்தால், முதல் கூட்டத்தினருக்கு அது அதிகம், இரண்டாவது கூட்டத்தினருக்கு அது சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியதற்குச் சமம்.

பிறகு ஏன் எல்லா இடத்திலும் இப்படி அளப்பதில்லை? உறுப்பில் தங்கிய மருந்து நாளுக்கு நாள் எப்படிக் குறைகிறது என்ற வளைகோட்டை ஒரே நாளில் வரைய முடியாது. ஊசி போட்ட அன்று, மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று நோயாளி கேமராவின் கீழ் படுக்க வேண்டும். தர்மபுரியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ சென்னைக்கு வந்து, லாட்ஜில் அறை எடுத்து, கூட ஒருவரை வைத்துக்கொண்டு, வேலைக்கும் போகாமல் சிகிச்சை பெறும் குடும்பத்திடம் இன்னும் மூன்று முறை வாருங்கள் என்று சொல்வது லேசான காரியம் அல்ல. கேமராவுக்கும் வரிசை இருக்கிறது, கணக்குப் போட இயற்பியலரின் நேரமும் வேண்டும்.

இங்கேதான் ஜெர்மனியின் வுர்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2018-இல் காட்டிய வழி எனக்குப் பிடித்திருக்கிறது. நான்காம் நாள் ஒரே ஒரு படம் போதும் என்றார்கள். மருந்தைச் சீக்கிரம் விடுகிறவருக்கும் மெதுவாக விடுகிறவருக்கும், நான்காம் நாள் மிச்சமிருக்கும் அளவுக்கும் மொத்தச் சிதைவுகளுக்கும் உள்ள விகிதம் அதிகம் மாறுவதில்லை. அதனால் ஒற்றைப் படத்திலிருந்து வரும் எண், பல படங்கள் எடுத்துக் கண்ட எண்ணோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. கூடுதலான மூன்று பயணம் ஒன்றாகிவிடுகிறது. இதையும் செய்ய முடியாது என்று சொல்ல எந்த மருத்துவமனைக்கும் நியாயமான காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போகும்போது நோயாளியின் கையில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இன்று ஒரு வரி இருக்கிறது: லுட்டீசியம், 200 மில்லிகியூரி, தேதி. அதற்குக் கீழே இன்னொரு வரியை எழுத நான்காம் நாள் காலையில் அரை மணி நேரம் கேமரா வேண்டும், பழைய சிடி ஸ்கேனில் சிறுநீரகத்தைச் சுற்றிக் கோடு போட ஒருவர் வேண்டும்: இடது சிறுநீரகம் இத்தனை கிரே, வலது இத்தனை கிரே, இதுவரை மொத்தம் இவ்வளவு, எல்லைக்கு மிச்சம் இவ்வளவு. அடுத்த சுற்றுக்கு வரும்போது மருத்துவர் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த இரண்டாவது வரியாகத்தான் இருக்கும்.